மாரடைப்பும் தலையெழுத்தும்

நெமிலி கடைவீதியிலோ, சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலோ நாற்பத்தைந்து, ஐம்பது வயது மனிதர் ஒருவர் திடீரென்று மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து மாண்டுபோனால், சாவு வீட்டுத் திண்ணையில் என்ன பேசிக்கொள்ளுகிறார்கள் என்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "அவன் எழுத்து அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "நல்ல சாவு, படுக்கையில் கிடந்து நாறாமல் போய்விட்டான்" என்பார் மற்றொருவர். ஜாதகத்தில் கண்டம் இருந்ததை மூன்றாமவர் அப்போதுதான் கண்டுபிடிப்பார். இறந்தவர் நாளொன்றுக்கு எத்தனை கட்டு பீடி குடித்தார், என்ன தின்றார், கடைசியாக என்றைக்கு ஒரு மைல் நடந்தார், இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டாரா என்று கேட்பார் மாத்திரம் ஒருவரும் இல்லை.

தலையெழுத்துக்காரர்களை நாம் ஒன்று கேட்கிறோம். லண்டன் நகரத்தில் மாடி பஸ்களில் வேலை செய்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஜெரிமி மோரிஸ் என்னும் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே விதமான வாழ்க்கை. ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த கண்டக்டர்களுக்கு இருதய வியாதி வெகு குறைவாகக் கண்டது. வந்தாலும் அவ்வளவு கடுமையாக இல்லை. பிரம்மா டிரைவர் தலையில் ஒரு விதமாகவும் கண்டக்டர் தலையில் வேறு விதமாகவுமா எழுதினார்?

பின்லாந்து தேசத்தில் வடகரேலியா என்று ஒரு ஜில்லா. வெண்ணெயும் உப்பும் புகையிலையும் தாராளமாய்ப் புழங்கிய ஊர்கள் அவை. அங்கே நடு வயது ஆண்கள் மாரடைப்பால் கூட்டங்கூட்டமாய்ச் செத்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் அரசாங்கமும் ஜனங்களும் சேர்ந்து உணவை மாற்றவும் புகையை விடவும் முயற்சி தொடங்கினார்கள். நாற்பது வருஷத்துக்குள் உழைக்கும் வயது ஆண்களின் இருதய மரணம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்துவிட்டது. பரிகாரம், சாந்தி எதுவும் செய்ததாய்த் தகவலில்லை.

அது குளிர் தேசத்துக் கதை என்று தள்ளிவிடவும் வழியில்லை. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் என்னும் டாக்டர் தலைமையில் 52 தேசங்களில் நடந்த ஆராய்ச்சி 2004இல் வெளிவந்தது. முதன்முதலாக வரும் மாரடைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் காரணம் ஒன்பது விஷயங்கள்தாம் என்றும், இவை எந்தத் தேசத்தாருக்கும் பொது என்றும் அதில் கண்டார்கள். புகையிலை, இரத்தக் கொழுப்பின் கோளாறு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொந்தி, மனக்கவலை, காய்கனி குறைந்த சாப்பாடு, உடலுழைப்பின்மை முதலியவை அவை. அதே ஆராய்ச்சியில், நம் பக்கத்துத் தேசத்தாருக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னதாகவே மாரடைப்பு வருவதும் தெரிந்தது.

நம் வீட்டு வாசலுக்கே வருவோம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார் 1991 - 94லும், மறுபடி 2010 - 12லும் வேலூர் நகரத்தையும் பக்கத்துக் கிராமங்களையும் பரிசோதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் நகரத்தில் மட்டுமல்ல, கிராமத்திலும் பலமாக ஏறியிருந்தன. கேழ்வரகுக் களி தின்று ஏர் பிடித்தவன் பிள்ளை இன்று மூன்று வேளையும் தீட்டிய அரிசி தின்று மோட்டார் சைக்கிளில் டீக்கடைக்குப் போகிறான். இதனால் பழைய காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தக் களியும் வயிறு நிறையக் கிடைக்காமல் செத்தவர்கள் அநேகர்.

சைவச் சாப்பாட்டுக்காரருக்கு மாரடைப்பே வராது என்று ஒரு புளுகு வேறு உண்டு. வடையும் போண்டாவும் வனஸ்பதியில் செய்த மிட்டாயும் என்ன ஆட்டுக் கறியா? பலமுறை காய்ச்சின எண்ணெயை இரும்புச் சட்டியிலேயே வைத்துக்கொண்டு மறுநாளும் பலகாரம் போடும் கடைகள் நம் தெருவில் இல்லையா? வனஸ்பதியிலுள்ள கெட்ட கொழுப்பை நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாமல் 2022 முதல் சர்க்கார் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆனால் உப்பைக் கட்டுப்படுத்துவது நம் கையில்தான் இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு சிறு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் கணக்கு என்னவாகும்?

இதிலே நம்மை அதிகமாய் உறுத்துவது வேறொன்று. இந்நாட்டில் உடம்பை வளைப்பது இழிவென்றும், அசையாமல் தின்பது மேன்மையென்றும் வெகுகாலமாய்ப் பழக்கப்படுத்திவிட்டார்கள். ஆகவே நாலு காசு சேர்ந்தவுடன் நம்மவரும் தொந்தியைக் கௌரவமாகவும், நடப்பதைத் தரித்திரமாகவும் எண்ணுகிறார்கள். வாரத்தில் 150 நிமிஷம் வேகமாய் நடந்தால் போதும் என்று வைத்தியர்கள் சொன்னால், "நான் என்ன கூலிக்காரனா?" என்கிறார்கள். கூலிக்காரரும் தப்பவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. இராணிப்பேட்டை, வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் ஈரத் தோலைச் சுமப்பவருக்கு உழைப்பு ஏராளம், ஆனால் பீடியும் சாராயமும் அந்த லாபத்தைச் சாப்பிட்டுவிடுகின்றன. ஆம்பூர்ப் பக்கத்துச் செருப்புக் கம்பெனிகளில் தையல் மெஷின் முன் நாள் முழுதும் குனிந்திருக்கும் பெண்களுக்கோ அசைவே கிடையாது. வீட்டுக்கு வந்தால் அடுப்பு. மீந்ததைத் தின்பதே அவர்கள் ஆகாரம்.

பரம்பரையாலும் இந்நோய் வருவதுண்டு, ஒழுங்காய் இருப்பவருக்கும் சில சமயம் வருவதுண்டு. அப்போது செய்யவேண்டியதிலும் நம் ஜனங்கள் தவறுகிறார்கள். மார்பு இறுகி, வியர்த்து, இடது கை வலித்தால் "வாயு" என்று சோடா குடிப்பதும், மந்திரிக்கப் போவதும் உயிர் போகும் காரியங்கள். உடனே 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் இருதயத்தின் சதை செத்துக்கொண்டிருக்கிறது.

நெமிலித் தோழர்கள் இரண்டு காரியம் உடனே செய்யலாம். முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்யலாம். அதற்குக் காசு இல்லை. மற்றொன்று, பெண்கள் காலையிலும் மாலையிலும் பயமில்லாமல் நடக்க, விளக்குப் போட்ட ஒரு பாதை வேண்டுமென்று பேரூராட்சியைக் கேட்கலாம். "பெண்ணுக்கு எதற்கு உலாத்தல்?" என்று யாராவது கேட்டால், அவர் பெயரை நமக்கு எழுதியனுப்ப வேண்டாம். அவருடைய சம்சாரத்தின் இரத்த அழுத்தம் என்ன என்று அவரையே கேட்டு எழுதுங்கள்.