டிரெய்லர் விலை 5,800 டாலர்... நான் கட்டினது 22,050! முதல் வருஷமே குதிரை டிரெய்லர் வாங்காதீங்க



போன மாச வீடியோவுல எனக்குப் பின்னாடி ஒரு வெள்ளை டிரெய்லர் நின்னதைக் கவனிச்சிருப்பீங்க. அது என்னோடதுதான், குதிரை ஏத்துற டிரெய்லர். மாசச் சம்பளம் வாங்குற ஒரு சாஃப்ட்வேர் ஆளுக்கு எதுக்குய்யா இதுன்னு கேட்டா, பதில் சிம்பிள்: வீட்ல 12 வயசுப் பொண்ணு இருக்கா.

நாங்க இருக்கிறது டெக்சாஸ்ல, டென்டன் பக்கம். சுத்தி எங்க திரும்பினாலும் குதிரைப் பண்ணைதான். முதல்ல ரைடிங் கிளாஸ், அப்புறம் ஒரு குதிரையை லீசுக்கு எடுத்தோம், கடைசில அந்தக் குதிரையையே வாங்கிட்டோம். பேரு பெப்பர், 14 வயசுப் பெண் குதிரை. லாயத்துல மாச வாடகை கட்டி விட்டிருக்கோம். இதுவரைக்கும் பட்ஜெட் கையை விட்டுப் போகல.

தப்பு நடந்தது அதுக்கப்புறம். "ஷோவுக்குப் போக ஒவ்வொரு தடவையும் 150 டாலர் கொடுத்து வாடகை வண்டி வைக்கணுமா? சொந்தமா ஒண்ணு வாங்கிட்டா என்ன?" இந்த ஒரு கேள்விதான் எனக்கு 22,050 டாலர் செலவு வச்சது. பணத்தைக்கூட விடுங்க. குடும்பத்தோட ஹைவேல ஒரு நிமிஷம் உயிரைக் கையில பிடிச்சேன். அதனாலதான் இதை எழுதுறேன்.

5,000 பவுண்டு இழுக்கும்னு சொன்னாங்களே?

அப்போ என்கிட்ட இருந்தது ஆறு சிலிண்டர் எஸ்யூவி. 5,000 பவுண்டு வரைக்கும் இழுக்கும்னு புத்தகத்துல போட்டிருந்தது. நானும் எக்செல் திறந்து கணக்குப் போட்டேன்:

- காலி டிரெய்லர் (ரெண்டு குதிரை நிக்கிற சைஸ்): 2,800 பவுண்டு
- பெப்பர்: 1,100 பவுண்டு, அதாவது நம்ம கணக்குல 500 கிலோ
- சேணம், தண்ணி, காய்ந்த புல் கட்டு: 300 பவுண்டு

மொத்தம் 4,200. இன்னும் 800 பவுண்டு மிச்சம் இருக்கே, ஜம்முனு போகலாம்னு நினைச்சேன்.

இங்கதான் மேட்டரே இருக்கு. டிரெய்லரோட எடையில 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் வழியா வண்டியோட பின்பக்கத்துல உட்காரும். இதை டங் வெயிட்னு சொல்வாங்க. 12 சதவீதம்னு வச்சாலே 504 பவுண்டு. என் ஹிட்ச்ல எழுதியிருந்த அதிகபட்சம் 500! அங்கயே லிமிட் தாண்டியாச்சு.

அடுத்தது, டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு எடைக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும். இதுதான் பேலோடு. என் வண்டியில 1,150 பவுண்டு. நாங்க நாலு பேர் 465, லக்கேஜ் 200, ஹிட்ச் சாமான் 50, அதோட அந்த 504. கூட்டிப் பாருங்க, 1,219. விளம்பரத்துல சொன்ன 5,000-க்குள்ளதான் இருந்தேன். ஆனா வண்டியோட ரெண்டு லிமிட்டையும் தாண்டிட்டேன். அது தெரியாமலேயே ஓட்டினேன்.

ஹோம் லோன் கணக்கு மாதிரிதான் இதுவும். எவ்வளவு லோன் கிடைக்கும்னு பேங்க் சொல்ற நம்பர் ஒண்ணு, உங்களால எவ்வளவு தாங்க முடியும்ங்கிற நம்பர் வேற. முதல் நம்பரை எல்லாரும் சொல்வாங்க. ரெண்டாவது கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும், நாமதான் தேடிப் படிக்கணும்.

அந்த ஒரு நிமிஷம்

ஒரு சனிக்கிழமை காலை. இன்டர்ஸ்டேட் 35-ல போய்ட்டிருக்கோம். பக்கத்து லேன்ல ஒரு பதினெட்டு சக்கர லாரி வேகமா தாண்டிச்சு. அந்தக் காத்து தள்ளினதுல டிரெய்லர் லேசா ஆட ஆரம்பிச்சது. லேசா ஆடினது ரெண்டே செகண்ட்ல பெருசா ஆச்சு. பின்னாடி வால் ஆட்டுற மாதிரி ஆடுது, முன்னாடி என் ஸ்டீயரிங் கூடவே இழுக்குது. "அப்பா, பெப்பர்!"னு பின் சீட்ல பொண்ணு கத்துறா.

கால் தானாவே பிரேக்குக்குப் போச்சு. அழுத்தினேன். இன்னும் மோசமாச்சு. பயத்துல காலை எடுத்தேன், ஆக்சிலரேட்டரையும் தொடல. வண்டி மெதுவாகி, ஆட்டம் அடங்கி, ஒரு வழியா அடுத்த எக்சிட்ல ஒதுக்கினேன்.

நான் பயத்துல ரெண்டாவதா செஞ்சதுதான் சரியான வழின்னு அப்புறம்தான் தெரிஞ்சது. டிரெய்லர் ஆடும்போது வண்டி பிரேக்கை பலமா மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சு, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கணும். டிரெய்லரோட பிரேக்கை மட்டும் கையால லேசா போடணும். அதுக்குத்தான் டிரைவர் பக்கத்துல பிரேக் கன்ட்ரோலர்னு ஒரு சின்ன பெட்டி இருக்கும்.

என் வண்டியில அந்தப் பெட்டியே இல்லை. விற்றவர், "சின்ன டிரெய்லர்தானே, லைட் எரிஞ்சாப் போதும்"னு சொல்லி நாலு பின் கனெக்டருக்கு ஒரு அடாப்டர் மாட்டிக் கொடுத்தார். நாலு பின்ல லைட்டும் இண்டிகேட்டரும்தான் வேலை செய்யும். டிரெய்லர் எலெக்ட்ரிக் பிரேக்குக்கு ஏழு பின் கனெக்டரும் கன்ட்ரோலரும் வேணும். அதாவது நல்ல பிரேக் உள்ள ஒரு டிரெய்லரை, பிரேக்கே இல்லாம மூணு மாசம் இழுத்திருக்கேன். பல மாநிலங்கள்ல 3,000 பவுண்டு தாண்டினாலே டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். சட்டத்தை விடுங்க, 500 கிலோ உயிர் ஒண்ணு பின்னாடி நிக்குது. அதுக்கு சீட் பெல்ட் கிடையாது.

பில் வந்த வரிசை

அன்னைக்கு சாயந்திரமே ஒரு மெக்கானிக்கைப் பிடிச்சு முழுசா செக் பண்ணச் சொன்னேன். டயர்ல பட்டன் நல்லாத்தான் இருந்தது. ஆனா பக்கவாட்டுல இருக்கிற டாட் கோடோட கடைசி நாலு எண் 2314. அப்படின்னா 2014-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது! டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேஞ்சு போறதில்லை, நின்ன இடத்துல வெயில்ல காய்ஞ்சே வீணாகும். அஞ்சு வருஷம் ஆனா பட்டனைப் பார்க்காம மாத்திடுங்கன்னு அவர் சொன்னார். தரையில ரப்பர் மேட்டைத் தூக்கினா, மூத்திரம் ஊறி ரெண்டு பலகை உளுத்துப் போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வச்சுக் குத்தினார், உள்ளே இறங்கிடுச்சு. குதிரை அந்தப் பலகை மேலதான் இத்தனை நாளா நின்னிருக்கு.

என் செலவு இதோ:

- டிரெய்லர் (2007 மாடல், செகண்ட் ஹேண்ட்): 5,800
- வரி, டைட்டில், ரெஜிஸ்ட்ரேஷன்: 420
- பிரேக் கன்ட்ரோலர், ஏழு பின் வயரிங்: 380
- ஸ்டெப்னியோட சேர்த்து 5 டயர்: 650
- தரைப் பலகை: 300
- பேரிங், பிரேக் சர்வீஸ்: 340
- பிரேக்அவே பேட்டரி, சேஃப்டி செயின், பால் மவுண்ட்: 160

மொத்தம் 8,050 டாலர். விலைக்கு மேல 39 சதவீதம். அதோட எஸ்யூவியைக் கொடுத்துட்டு பழைய பிக்கப் டிரக் எடுத்ததுல வித்தியாசம் 14,000. ஆக 22,050.

இப்போ வாடகையோட ஒப்பிடுவோம்

வருஷத்துக்கு எங்களுக்கு 10 டிரிப். வாடகை வண்டின்னா 1,500 டாலர். சொந்த டிரெய்லருக்கு வருஷச் செலவு: நிறுத்துற இடம் 480, இன்சூரன்ஸ் 220, சர்வீஸ் 300, டயருக்கு ஒதுக்குறது 130, ரெஜிஸ்ட்ரேஷன் 70. கூட்டினா 1,200. பெட்ரோல் தனி.

மிச்சம் வருஷத்துக்கு 300 டாலர். போட்ட 8,050-ஐத் திருப்பி எடுக்க 27 வருஷம் ஆகும். ஒரு குதிரை சாதாரணமா வாழறதே 25, 30 வருஷம்தான், பெப்பருக்கு இப்பவே 14! சரி, விற்கும்போது 5,000 வரும்னு கழிச்சாலும் 10 வருஷம். டிரக்கை நான் இந்தக் கணக்குல சேர்க்கவே இல்லை.

அதனால என் கருத்து இதுதான்: மாசத்துக்கு ஒரு டிரிப்கூட இல்லாதவங்க முதல் வருஷம் டிரெய்லர் வாங்காதீங்க. வாடகைக்கு வைங்க. டீலர் "மாசம் 160 டாலர்தானே"ன்னு இஎம்ஐ காட்டினாலும் சரி.

ஆனா, ராத்திரி 11 மணிக்கு?

இதுக்கு ஒரு நியாயமான பதில் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். குதிரைக்கு கோலிக்னு ஒரு வயித்து நோய் வரும். சில சமயம் சில மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா பிழைக்காது. மார்ச் மாசம் எங்க லாயத்துல இன்னொரு குடும்பத்தோட குதிரைக்கு அப்படி ஆச்சு. ராத்திரி 11 மணி. வாடகை வண்டிக்காரர் போனை எடுக்கல. என் டிரெய்லர்லதான் கொண்டு போனோம், பிழைச்சது. அன்னைக்கு அந்த 8,050 டாலரைப் பத்தி எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அப்போதான் ஒண்ணு புரிஞ்சது. ஒரு லாயத்துக்கு நல்ல நிலையில ஒரு டிரெய்லர் கண்டிப்பா வேணும். ஆனா ஆளுக்கு ஒண்ணு வேணாம். இப்போ மூணு குடும்பம் சேர்ந்து பராமரிக்கிறோம், வருஷத்துக்கு ஆளுக்கு 400 டாலர். ஒரு எச்சரிக்கை: காசு வாங்கி அடுத்தவங்க குதிரையை ஏத்தினா அதை வியாபாரம்னு பாலிசி எடுத்துக்கலாம். செலவைப் பகிர்றதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ்காரங்ககிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. டிரெய்லர் இன்சூரன்ஸ்ல பொதுவா குதிரை அடங்காது, அதுக்குத் தனி பாலிசி வேணும்.

எப்படியும் வாங்கப் போறீங்களா?

அப்போ கணக்கைத் தலைகீழா போடுங்க. முதல்ல உங்க வண்டிக் கதவு ஸ்டிக்கர், அப்புறம் பிரேக், அப்புறம் டயரும் தரையும். கடைசிலதான் டிரெய்லரோட விலை, கலர் எல்லாம். குதிரையை ஏத்தின பிறகு ஒரு தடவை லாரிகள் நிக்கிற இடத்துல இருக்கிற எடை மேடையில ஏத்திப் பாருங்க. 20 டாலருக்குள்ளதான் ஆகும், ஊகமே வேண்டாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி நான் இப்போ பண்றது இது. 10 நிமிஷம் ஆகும்:

1. ஹிட்ச் பால் சைஸும் கப்ளர் சைஸும் ஒண்ணுதானான்னு எண்ணைப் படிச்சுப் பார்க்கிறேன். 2 இஞ்ச் பால்ல 2 5/16 இஞ்ச் கப்ளர் உட்கார்ந்த மாதிரியே தெரியும், குலுங்கினா கழன்டுக்கும்.
2. கப்ளரைப் பூட்டி பின் போட்டுட்டு, ஜாக்கியால டிரெய்லர் மூக்கைத் தூக்குறேன். வண்டியோட பின்பக்கமும் கூடவே எழும்பினா பூட்டு பிடிச்சிருக்கு.
3. சேஃப்டி செயினைக் கப்ளருக்கு அடியில குறுக்கா மாட்டுறேன். கழன்டாலும் மூக்கு ரோட்ல குத்தாம செயின் மேல விழும்.
4. பிரேக்அவே கேபிளைத் தனியா வண்டியில மாட்டுறேன், செயின்ல இல்லை. டிரெய்லர் பிரிஞ்சா அது தானா பிரேக் போடும்.
5. லைட், டயர் காத்து பார்த்துட்டு, லாயத்துக்குள்ளயே மெதுவா ஓட்டி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டுப் பார்க்கிறேன்.

குதிரையை ஏத்துறதுல வரிசை முக்கியம். வண்டியோட பூட்டாத டிரெய்லர்ல ஏத்தவே கூடாது. ஏத்தினதும் முதல்ல பின்பக்கக் கம்பியைப் போடணும், அப்புறம்தான் தலைக்கயிறைக் கட்டணும். இறக்கும்போது நேர் எதிர்: முதல்ல கயிறு, அப்புறம் கம்பி. தலை கட்டியிருக்கும்போது பின்பக்கம் திறந்தா குதிரை பின்னாடி வர முயற்சி பண்ணும், கயிறு இழுக்கும், மிரண்டுடும். ஒரே குதிரைன்னா இங்க இடது பக்கம், டிரைவர் பக்கம் நிறுத்துங்க. ரோடு நடுவுல மேடா, வலது ஓரம் சரிவா இருக்கும்.

ஓட்டுறதைப் பத்தி ஒரே ஒரு விஷயம். காலி டிரெய்லரோட ரெண்டு வாரம் பழகுங்க. ரிவர்ஸ் எடுக்க கையை ஸ்டீயரிங்கோட அடிப்பக்கம் வைங்க, கை போற பக்கமே டிரெய்லரும் போகும்.

இப்பவும் அந்த 35-ல ஒரு லாரி பக்கத்துல வந்தா என் கை கன்ட்ரோலர்கிட்ட போயிடும். பொண்ணு கண்ணாடியில பார்த்துட்டு, "அப்பா, 60-ல தானே போறோம், ரிலாக்ஸ்"ங்கிறா. 60-ல தான் போறோம். ஷோவுக்கு பத்து நிமிஷம் லேட்டா போனா ஒண்ணும் ஆகாது.

அடுத்த வீடியோவுல அந்த எக்செல் ஷீட்டை வரி வரியா போட்டுக் காட்டுறேன். அதுக்கு முன்னாடி கீழே போய் உங்க கார் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. குதிரை வாங்காட்டியும் பரவாயில்லை.