கோடியக்கரை நிழல் யாருக்கு?

முன்பதிவு வேண்டும், முன்பதிவு செய்யாதவருக்கும் இடம் வேண்டும்!

வேதாரண்யத்தில் இருந்து தெற்கே சுமார் 10 கிலோ மீட்டர் போனால் கோடியக்கரை. ஒரு பக்கம் காடு. மறுபக்கம் கடல். அருகே சதுப்பு நிலம். 1967-ம் ஆண்டு இது சரணாலயம் ஆயிற்று. 2002-ம் ஆண்டு ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. இங்கே வெளிமான்கள் துள்ளி ஓடும். மழைக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும்.

விடுமுறை என்றால் குடும்பங்களும் வந்து இறங்கும். கையில் கட்டுச்சோறு, தண்ணீர், பாய். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கடலில் நீராட வருவோர் கூட்டம் வேறு. எல்லோரும் தேடுவது ஒன்றே. அதுதான் நிழல்!

அந்த நிழல் குறைந்தது எப்படி? 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன.

அமெரிக்காவில் என்ன வழக்கம்?

அங்கே பல பூங்காக்களில் ஏரிக்கரையில் நிழல் மண்டபங்கள் உண்டு. பணம் கட்டி முன்பதிவு செய்யலாம். பதிவு இல்லாத நாளில் முதலில் வந்தவருக்கு இடம். சண்டை இல்லை.

கோடியக்கரையிலும் ஒழுங்கு தேவைதான். இது பூந்தோட்டம் அல்ல. மான் வாழும் வீடு. கூட்டம் பெருகினால் மான் மிரளும். வீசி எறியும் பாலிதீன் பை அதன் உயிருக்கே எமன். ஆகவே, எத்தனை பேர் வரலாம், எங்கே உட்காரலாம் என்று வரையறுப்பது நியாயம்.

ஆனால் முன்பதிவு கம்ப்யூட்டரில் மட்டும் என்றால் என்ன ஆகும்? காரில் வருபவர் வீட்டில் இருந்தே இடம் பிடித்துவிடுவார். கைக்குழந்தையுடன் பஸ்சில் வரும் நடவு வேலைக்காரப் பெண் வெயிலில் நிற்பாள். காடு இருவருக்கும் பொது அல்லவா?

1930-ல் நடந்தது

வேதாரண்யத்துக்கு இது புதிய கேள்வி அல்ல. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியில் இருந்து உப்பு எடுக்க நடந்து வந்தனர். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று அன்றைய தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்!

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது இந்த மண்ணின் குணம். அதை விதிகளிலும் காட்டலாம்.

நிழல் இடங்களில் ஒரு பகுதியை முன்பதிவு இல்லாமல் விடலாம். பதிவு செய்தவர் குறித்த நேரத்தில் வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். விதிகளையும் கட்டணத்தையும் பெரிய எழுத்தில், எளிய தமிழில் வாசலிலேயே எழுதி வைக்கலாம். அங்கேயே நேரில் பதிவு செய்ய ஒரு ஆளையும் அமர்த்தலாம். இதற்குப் பெரும் செலவு இல்லை.

அன்று மரம் பசித்தவருக்குச் சோறு தாங்கி நின்றது. இன்று களைத்தவருக்கு நிழல் இல்லை என்று சொல்லலாமா?