பல் போகும் முன்னே

சென்ற ஆண்டு திருவனந்தபுரம் வந்த புதிதில் என் கடைவாய்ப் பல்லொன்றைப் பறிகொடுத்தேன். பிடுங்கிய மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஒரு நாளைக்கு எத்தனை சாயா?” என்று மட்டும் கேட்டார். விடுதியிலே இரண்டு, வகுப்புகளுக்கு இடையிலே மூன்று, இரவு படிக்கும்போது ஒன்று. “ஆறு” என்றேன். ஆறிலும் சர்க்கரை உண்டு.

மாணவ நண்பர்களே! நாம் இனிப்பு உண்ணும் ஒவ்வொரு முறையும் வாயில் வாழும் நுண்கிருமிகள் அதனை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலுள்ள எனாமலைக் கரைக்கிறது. சற்று நேரம் சும்மா விட்டால் உமிழ்நீரே அதனை ஓரளவு ஈடுசெய்துவிடும். நாமோ விடுவதில்லை! ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை என்பதும் கேள்வியாகிறது.

எனாமல் மீண்டும் இறுக உதவுவது புளோரைடு. 1945-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் குடிநீரிலேயே அதனைக் கலந்தார்கள்; சிறுவர்களின் பற்சொத்தை வெகுவாகக் குறைந்தது. இங்கும் அவ்வாறே செய்யலாமே என்று வாதிக்கும் நண்பர் உண்டு. நான் உடன்படேன். ஆலப்புழை, பாலக்காடு மாவட்டங்களில் சில இடங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பற்களில் கறை படிந்தது. தருமபுரிக்கும் அதே துன்பம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊருக்கு ஊர் நீர் வேறுபடும் நாட்டில் குழாயைவிடப் பற்பசையை நம்புவதே அறிவுடைமை. அந்நிறுவனம் 2021-இல் புளோரைடுப் பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

“ஆலையும் வேலையும் கைவிடச் சொல்கிறாயா?” என்பீர்கள். குச்சி அழுக்கை அகற்றும். பற்பசை தரும் புளோரைடை அது தராது.

இந்நகரில் 1959 முதல் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 60 வயது கடந்த ஏழை முதியோர்க்குப் பற்செட்டை இலவசமாகப் பொருத்தும் ‘மந்தஹாசம்’ என்னும் திட்டத்தையும் கேரள அரசாங்கம் கொண்டுவந்தது. போற்றுகிறேன். ஆயினும் பல்லெல்லாம் விழுந்தபின் புன்னகையை மீட்பதைவிட, விழாமற் காப்பது எளிதன்றோ? செலவும் குறைவன்றோ?

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுவிழாப் பந்தல் அலங்காரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியைத் தாருங்கள். சாலைக் கடைத்தெருவில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பிரஷ்ஷும் பற்பசையும் வாங்குவோம். பல் மருத்துவம் பயிலும் நண்பர்கள் உடன் வரட்டும். ஆங்கிலத்தில் கற்றதைத் தாய்மாரிடம் தமிழில் சொல்லட்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசை, ஆறு வயது வரை பட்டாணியளவு, இரவு துலக்கியபின் உறக்கம் என்று சொன்னால் போதும். இதற்கு மேடை வேண்டாம், மாலை வேண்டாம்.

தமிழ் வளர்க்கும் சங்கம் என்று பெருமை கொள்கிறோம். அத்தமிழைப் பேசும் பிள்ளைகளின் வாயையும் சற்றே பார்ப்போமே! என் சாயா இப்பொழுது இரண்டாகிவிட்டது. மிச்சமான காசு இப்பணிக்கு முதல் நன்கொடை. அடுத்தது யாருடையது?