சாக்கடையும் சர்க்காரும்

அரசியல் ஏட்டிலே சாக்கடையைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிப்போர் உண்டு. சுளிக்கட்டும்! மாளிகைவாசிக்குச் சாக்கடை கண்ணில் படாத பொருள்; குடிசைவாசிக்கோ வாசற்படியிலே தேங்கி நிற்கும் பொருள். ஒரு நகரத்திலே ஆட்சி யாருக்காக நடக்கிறது என்பதை அறிய மந்திரிமார் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. குடிநீர் எவர் வீட்டுக்குப் போகிறது, கழிவுநீர் எவர் வீட்டு முன் நிற்கிறது என்று பார்த்தாலே போதும்.

கராச்சி நகரிலே முப்பது ஆண்டுக் காலம் அதைத்தான் பார்த்தார், கணக்கெடுத்தார், படமாக வரைந்தார் ஒரு பெண்மணி. பர்வீன் ரஹ்மான் என்பது அவர் பெயர். 1957ல் டாக்காவிலே பிறந்தவர். கராச்சியிலே பொறியியல் கல்லூரியொன்றில் கட்டிடக் கலை பயின்று 1982ல் பட்டம் பெற்றவர். செல்வருக்கு மாளிகை வரைந்து கொடுத்துச் சீரும் சிறப்புமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ ஒரங்கிக்குச் சென்றார்.

ஒரங்கி, கராச்சியின் மேற்கு ஓரத்திலே உழைப்பாளர்கள் தாமே எழுப்பிக்கொண்ட குடியிருப்பு. இலட்சக்கணக்கான மக்கள், ஆனால் பாதாளச் சாக்கடை இல்லை. அங்கே 1980ல் ஒரு முன்னோடித் திட்டத்தைத் துவக்கியிருந்தார் அக்தர் ஹமீத் கான். வெள்ளையர் காலத்து ஐ.சி.எஸ். பதவியை உதறியவர் அவர். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மக்களைக் கேட்டார். "சாக்கடை வேண்டும், சர்க்கார் இலவசமாகக் கட்டித் தர வேண்டும்" என்றனர் மக்கள். சர்க்காரோ அசையவில்லை.

பிறந்தது ஒரு புது முறை. இருபது, முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்து. அதுவே ஓர் அமைப்பு. சந்துக்கு ஒரு பொறுப்பாளரை மக்களே தேர்ந்தெடுப்பர். பணத்தை அவர்களே திரட்டுவர். குழாயை அவர்களே பதிப்பர். மட்டம் பார்த்தல், வரைபடம், மதிப்பீடு, கருவி இவற்றைத் திட்டத்தார் தருவர்; காசு தரமாட்டார். கண்டிராக்டர் இல்லை, கமிஷன் இல்லை. வடிவமும் எளிமையாக்கப்பட்டது. செலவு பன்மடங்கு குறைந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் வீடுகள் இவ்வாறு சாக்கடை வசதி பெற்றன.

"அப்படியானால் சர்க்கார் எதற்கு? மக்களே எல்லாம் செய்துகொள்ளட்டுமே!" என்று கேட்கக்கூடும் சிலர். பொறுப்பிலிருந்து நழுவ விரும்பும் ஆட்சியாளர்களுக்கு அந்தப் பேச்சு தேனாக இனிக்கும். ஆனால் ஒரங்கியின் பாடம் அதுவன்று. வீட்டுக் கழிப்பிடம், சந்துக் குழாய், பல சந்துகளை இணைக்கும் கால்வாய் ஆகியவை மக்கள் பங்கு. ஊர்ப் பெருங்கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் சர்க்கார் பங்கு. மக்கள் தம் பங்கை முடித்தனர். சர்க்காரின் பங்கு பின்தங்கியது. கராச்சியின் கழிவுநீரில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலே அரபிக் கடலில் கலக்கலாயிற்று. குற்றம் எவருடையது?

அதை மெய்ப்பிக்கத்தான் படம் வரைந்தார் பர்வீன். அப்பகுதி இளைஞர்களையே பழக்கி, சந்து சந்தாக, ஓடை ஓடையாக அளக்க வைத்தார். "அங்கே ஒன்றுமே இல்லை, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டவேண்டும், கோடிகளைக் கடன் வாங்கவேண்டும்" என்ற நிபுணர்கள் முன்னால், மக்கள் ஏற்கனவே கட்டி முடித்ததைக் காட்டும் தாள் விரிக்கப்பட்டது. கொரங்கிப் பகுதிக்கென ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் தீட்டப்பட்ட கழிவுநீர்த் திட்டம் 1999ல் கைவிடப்பட்டதற்கு, இத்தகைய கணக்கும் வாதமும் துணை நின்றன.

பிறகு குடிநீரின் தடம் தேடினார். பெருங்குழாய்களைத் துளைத்து நீரைத் திருடி, அதையே லாரியிலேற்றி ஏழைக்கு விற்கும் கூட்டத்தைக் கண்டார். எங்கெங்கே துளை, எங்கெங்கே விற்பனை என்று குறித்தார். ஏழைகளின் நிலம் பறிபோகாமல் காக்க நகரோரக் கிராமங்களையும் அளந்து பதிந்தார். மிரட்டல்கள் வந்தன, பணி நிற்கவில்லை. 2013 மார்ச் 13 அன்று, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியிலே சுட்டுக் கொன்றனர். வயது 56. 2021 டிசம்பரிலே சிலருக்குத் தண்டனை விதித்தது விசாரணை நீதிமன்றம். 2022 நவம்பரிலே அத்தீர்ப்பை ரத்து செய்தது சிந்து உயர்நீதிமன்றம்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவர் கையிலே ஆயுதமில்லை, அளவுநாடாவும் வரைபடமும்தான். இருள் இருந்தால்தான் திருட்டு நடக்கும். படம் வரைந்தவர் விளக்கேற்றினார்.

கோரிக்கை முழக்கம் வேண்டும். அதனோடு கணக்கும் வேண்டும். உங்கள் வட்டத்திலே குழாய் எங்கே துவங்குகிறது, எந்தத் தெருவிலே வற்றுகிறது, கழிவுநீர் எந்த ஓடையிலே விழுகிறது என்பதை நீங்கள் அறிவீர்களா? அறியாவிடில் இந்த வாரமே தெருவில் இறங்குங்கள், வீடு வீடாகக் கேளுங்கள், தாளிலே குறியுங்கள். மனுவைத் தூக்கி எறிவது அதிகாரிக்கு எளிது. மக்கள் தாமே அளந்து, தாமே குறித்த கணக்கை மறுப்பது அவ்வளவு எளிதன்று!