கார்லாவின் சம்பளம்

எலன் ஹோலி 2023 டிசம்பரில் நியூயார்க்கில் இறந்துபோனார். 92 வயது. இரங்கல் குறிப்புகளில் 'முதல்' என்ற சொல்தான் முன்னால் நின்றது. அமெரிக்கப் பகல்நேரத் தொலைக்காட்சித் தொடரில் முதன்மைப் பாத்திரமாக நீடித்த முதல் கறுப்பின நடிகை. இந்தப் பட்டத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷமில்லை. அதுவரை கதவைச் சாத்தி வைத்திருந்தது யாரென்ற கேள்வியை அந்தச் சொல் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. உள்ளே போனபிறகு என்ன கொடுத்தார்கள் என்பதையும்தான்.

ஹோலி ஹண்டர் கல்லூரிப் பட்டதாரி. 1956லேயே பிராட்வே மேடை ஏறியவர். வெளுத்த நிறம். அதுவே வினையாகிவிட்டது. கறுப்பினப் பாத்திரம் கேட்டுப் போனால், இவ்வளவு வெளுப்பா இருக்கியே என்பார்கள். வெள்ளைப் பாத்திரம் என்றால், நீ நீக்ரோ ஆச்சே. இதைத்தான் 1968ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். எவ்வளவு கறுப்பாக இருந்தால் போதும் என்பதே தலைப்பு. அதைப் படித்த ஆக்னஸ் நிக்ஸன், ஏபிசிக்காகத் தான் உருவாக்கிய 'ஒன் லைஃப் டு லிவ்' சீரியலுக்கு அவரை எடுத்துக்கொண்டார்.

வாரம் ஐந்து நாள், மத்தியான நேரம், வீட்டிலிருக்கும் பெண்களுக்கான சரக்கு இந்தச் சீரியல்கள். வானொலிக் காலத்தில் சோப்புக் கம்பெனிகள் காசு போட்டு நடத்தியதால் வந்த பேர்தான் சோப் ஆப்பரா. அதற்குள் ஹோலி கார்லா பெனாரி என்ற நடிகையாக நுழைகிறார். வெள்ளைக்காரப் பெண் என்றே பார்ப்பவர்கள் நம்புகிறார்கள். வெள்ளை டாக்டர் ஒருவரோடு கல்யாணம் நிச்சயமாகிறது. அப்புறம் ஒரு கறுப்பின டாக்டரிடம் மனசு போகிறது, முத்தம் கொடுக்கிறாள். டெக்ஸஸில் ஒரு நிலையம் தொடரையே நிறுத்திவிட்டது. மாதக்கணக்கில் இழுத்துவிட்டு உடைக்கிறார்கள் ரகசியத்தை: மருத்துவமனையில் பராமரிப்பு வேலை பார்க்கும் சேடி கிரே என்ற கறுப்பினப் பெண்ணின் மகள் இவள். சேடியாக நடித்தவர் லிலியன் ஹேமன்.

ஹாலிவுட் இந்தக் கதையை ஏற்கெனவே விற்றிருக்கிறது. 1949ல் வந்த 'பிங்கி'யில் இப்படியொரு பெண்ணாக நடித்தது ஜீன் கிரெயின் என்ற வெள்ளைக்காரி. காயம் கறுப்பருடையது, முகம் வெள்ளையருடையது. ஹோலி அந்த முகத்தைத் திரும்பப் பிடுங்கினார். அது பெரிய காரியம், மறுக்கவில்லை.

ஆனாலும் கதையின் கட்டமைப்பு என்னை உறுத்துகிறது. மறைத்தவள் மாட்டிக்கொள்வாளா என்று பதைக்க வைக்கிறார்கள். மறைக்கச் சொல்லி நெருக்கிய ஊர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நம் வாசகர்களுக்கு இதை ரொம்ப விளக்கவேண்டாம். மாற்றலாகிப் போன ஊரில் வீடு பார்க்கும்போது 'சார் எந்தப் பக்கம்?' என்று கேட்டால், ஊர்ப் பேரைச் சொல்லித் தெருவை முழுங்குகிறோமே, அந்த நிமிஷத்தில் குற்றவாளி யார்? சீரியல் கேமரா முழுங்குகிறவன் தொண்டையைத்தான் காட்டும். கேட்டவன் வாயை அல்ல.

நான் காசுக் கவுண்ட்டரில் உட்காருகிறவன். முதல், இரண்டாவது என்பதைவிடச் சம்பளப் பட்டியல்மேல்தான் கண் போகிறது. 1996ல் தன் வரலாற்றை எழுதிய ஹோலி அதை மறைக்கவில்லை. கார்லா கதையால் சீரியலுக்குக் கூட்டம் சேர்ந்தது, ஆனால் தனக்கும் ஹேமனுக்கும் வெள்ளை நடிகர்களைவிடக் குறைவாகவே கொடுத்தார்கள் என்கிறார். நடத்திய விதமும் அப்படியே என்று எழுதுகிறார். இதைப் படித்துவிட்டு 'நன்றி கெட்டவள்' என்று சொல்லக்கூடியவர்கள் எந்த ஊரிலும் உண்டு. வாய்ப்புக் கொடுத்தோமே, இன்னும் என்ன என்பார்கள். உழைத்த கூலியைக் கேட்டால் அது நன்றிகேடாகிவிடும் வித்தை இது.

1980ல் தொடரைவிட்டு விலகினார் ஹோலி. 1983ல் கார்லா வழக்கறிஞராகத் திரும்பி வந்தாள், 1985ல் மறுபடி வெளியே. அடுத்த வருஷம் ஹேமனும் போய்விட்டார். இடையில் 1988ல் ஸ்பைக் லீயின் 'ஸ்கூல் டேஸ்' படத்தில் ஒரு சின்ன வேஷம். கறுப்பர்களுக்குள்ளேயே வெளுப்பு, கருப்பு என்று பிரித்துப் பார்ப்பதைப் பேசிய படம் அது. இவரை விட்டால் வேறு யாரை அழைக்க? அப்புறம் 'கைடிங் லைட்' என்ற இன்னொரு நெடுந்தொடரில் நீதிபதி அங்கி போட்டார். சீரியல்காரர்கள் கறுப்பினப் பெண்ணுக்கு நீதிபதி வேஷம் தாராளமாகக் கொடுப்பார்கள். ஆசனத்தில் உட்கார்ந்து நாலு வசனம், சொந்தக் கதை கிடையாது.

தொண்ணூறுகளில் அரசுப்பணித் தேர்வு எழுதித் தேறி, ஒயிட் ப்ளெயின்ஸ் பொது நூலகத்தில் நூலகராகச் சேர்ந்தார். அறுபதைத் தாண்டிய வயது. பல வருஷம் அங்கே வேலை பார்த்தார். 'ஒன் லைஃப் டு லிவ்' 2012 ஜனவரி வரை ஏபிசியில் ஓடிக்கொண்டிருந்தது.