சீமெந்துப் பையில் இருக்கிற நம் ஊர்

வீடு கட்டும்போது பையைப் பிரித்து மணலில் கொட்டுகிறோம். அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால், "கடையிலிருந்து" என்கிறார்கள். பாலாவிச் சந்தியைத் தினமும் கடந்து பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகள்தான் இப்படிச் சொல்கிறார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

இலங்கையின் முதல் சீமெந்துத் தொழிற்சாலை காங்கேசன்துறையில் 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. அடுத்த பெரிய ஆலை நம் புத்தளத்துக்கு 1970 அளவில் வந்தது. காரணம் அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல். பல மில்லியன் வருடங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய கல் அது. ஆலைக்கும் கல்லுக்கும் இடையில் முப்பது கிலோமீற்றருக்கு மேல். அதனால்தான் அந்தக் கல்லை ஏற்றிவர ரயில் பாதையே போட்டார்கள். கல்லையும் களிமண்ணையும் அரைத்து, 1450 பாகை வெப்பத்தில் சுட்டு, ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து.

1990இல் யுத்தத்தால் காங்கேசன்துறை ஆலை நின்றது. அதே வருடம்தான் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். கிடுகுக் கொட்டில்கள் காலப்போக்கில் கல்வீடுகளாயின. அந்தச் சுவர்களில் நம் மண்ணின் கல்லும் இருக்கிறது.

தொண்ணூறுகளில் ஆலை அரசின் கையை விட்டுப் போனது. பிறகு ஹொல்சிம், 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி நிறுவனம், இன்று இன்சீ. ஆனால் பையில் 'சங்ஸ்தா' என்ற பெயர் இன்னும் இருக்கிறது. சிங்களத்தில் அதற்குக் கூட்டுத்தாபனம் என்று பொருள். முதலாளிமார் மாறினார்கள், அரசுக் கூட்டுத்தாபனத்தின் பெயர் மட்டும் பையில் தங்கிவிட்டது.

இதையெல்லாம் பெருமைக்காக மட்டும் எழுதவில்லை. கல் தோண்டிய அதே அருவக்காட்டுக்குத்தான் கொழும்புக் குப்பையைக் கொண்டுவந்தார்கள். 2018, 2019இல் ஊரே வீதிக்கு வந்து எதிர்த்தது நினைவிருக்கும். நாட்டின் வீடுகளுக்குக் கல் கொடுத்த நிலத்துக்குக் கிடைத்த கைம்மாறு இதுதானா?

ஆலை நமக்குச் சம்பளம் தந்தது, அதை மறுப்பது நன்றி கெட்டதனம். ஆனால் பூமியைத் தோண்டி எடுத்தால் குழி மிஞ்சும். அந்தக் குழியில் எதைப் போடுவது என்று முடிவு செய்யும் மேசையில் நமக்கும் ஒரு கதிரை வேண்டும். தன் ஊர் நாட்டுக்கு என்ன கொடுத்தது என்று தெரியாத பிள்ளை, நாளை அந்தக் கதிரையை எப்படிக் கேட்கும்?

உங்கள் வாப்பாவோ மாமாவோ ஆரம்ப காலத்தில் அங்கே வேலை செய்திருந்தால், அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால் போடுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம். அந்தத் தலைமுறை போய்விட்டால், பிறகு கேட்க ஆளில்லை.