கூட்டு ஆராய்ச்சி நல்லதுதான்; சாவி யார் கையில்?

நம் நாட்டின் சர்வகலாசாலைகளிலும் எஞ்சினீயரிங் கல்லூரிகளிலும் இன்று ஒப்பந்தங்களுக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டுப் பேராசிரியர் வருகிறார், துணைவேந்தர் பொன்னாடை போர்த்துகிறார், இருவரும் கையெழுத்திடுகிறார்கள், மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. “சர்வதேசக் கூட்டு ஆராய்ச்சி” என்று இதற்குப் பெயர். ரசாயன எஞ்சினீயரிங் துறையும் இதற்கு விலக்கல்ல.

இதை நாம் எதிர்க்கிறோமா? இல்லவே இல்லை. விஞ்ஞானத்துக்கு வேலி போடுவது பிற்போக்காளர்களின் வேலை. தொழிலாளி வர்க்கத்தின் வேலையல்ல. அன்னிய நாட்டான் கண்டுபிடித்தது என்பதற்காக எந்த நோயாளியும் மருந்தைத் துப்பிவிடுவதில்லை. ஆனால் ஒரே ஒரு கேள்வியை நாம் கேட்கிறோம். வந்த நிபுணர் விமானம் ஏறிப் போன பிறகு, சாவி யார் கையில் இருக்கிறது? ஆலையை நடத்தவும், பழுது பார்க்கவும், அதைவிட நல்ல ஆலை ஒன்றைத் தாமே கட்டவும் நம் எஞ்சினீயர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் தெரிகிறதா, இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஒப்பந்தம், படத்துக்குத்தான் பயன்படும்.

குழாயும் உலையும்

சோதனைக் குழாயில் ஒரு கிராம் செய்வது ரசாயனம். அதையே நாளொன்றுக்கு நூறு டன் செய்வது ரசாயன எஞ்சினீயரிங். ஒரு கிராமில் பிறக்கும் சூடு காற்றோடு போய்விடும். நூறு டன்னில் பிறக்கும் சூட்டுக்கு வழி செய்யாவிட்டால் அது ஆலையையே தூக்கி எறிந்துவிடும். எவ்வளவு அழுத்தம், எந்த வேகத்தில் கலக்குவது, எங்கே குளிர்விப்பது என்ற நுணுக்கத்தில்தான் விவசாயியின் உரமும் ஏழையின் மண்ணெண்ணெயும் நோயாளியின் மருந்தும் அடங்கியிருக்கின்றன. இந்த நுணுக்கத்தில் ஒரு பாதி பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மறு பாதி, ஆலையை நடத்தியவர்களின் அனுபவத்திலும், கம்பெனிகளின் இரும்புப் பெட்டியில் கிடக்கும் வரைபடங்களிலும் இருக்கிறது. எனவேதான் இந்தத் துறையில் நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு மிக அவசியமாகிறது. அதே காரணத்தால்தான் இந்தத் துறையில் ஏகபோகங்களின் பிடியும் மிக இறுக்கமாக இருக்கிறது.

பெனிசிலினின் கதையை எடுத்துக்கொள்வோம். 1941 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகளான ஹாவர்டு ஃப்ளோரியும் நார்மன் ஹீட்லியும் பெனிசிலின் பூஞ்சையோடு அமெரிக்கா சென்றார்கள். பியோரியா நகரிலிருந்த அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சிசாலை அவர்களுக்குக் கதவைத் திறந்தது. மக்காச்சோளத்திலிருந்து மாவு எடுத்தபின் மிஞ்சும் ஊறல் நீரில் அந்தப் பூஞ்சை பெனிசிலினைப் பன்மடங்கு தந்தது. ஆழமான தொட்டிகளில், கிருமி நீக்கிய காற்றைச் செலுத்தி அதை வளர்க்கும் முறையை எஞ்சினீயர்கள் வகுத்தார்கள். 1944-ல் பெரிய ஆலைகள் ஓடத் தொடங்கின. கூட்டு ஆராய்ச்சியின் பெருமைக்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் பேடண்ட் வாங்கவில்லை. பியோரியாவில் ஹீட்லியோடு சேர்ந்து வேலை செய்த மோயர், உற்பத்தி முறைக்குத் தம் பெயரில் பேடண்ட் வாங்கினார். பெனிசிலின் பிறந்த பிரிட்டனின் கம்பெனிகள், ஆழ்தொட்டி முறைக்காக அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ராயல்டி கட்டின. தானமாகக் கொடுத்த விதைக்கு விளைச்சலில் பங்கு கிடைக்கவில்லை, பில் வந்தது! முதலாளித்துவ உலகில் இரண்டு நட்பு நாடுகளுக்கிடையிலேயே இதுதான் நியாயம் என்றால், நம்மைப் போன்ற நாடுகளின் கதி என்ன?

இதே மருந்து நம் நாட்டுக்கு வேறு வழியில் வந்தது. 1954-ல் புனே அருகே பிம்ப்ரியில், உலக சுகாதார ஸ்தாபனம், யூனிசெஃப் ஆகியவற்றின் உதவியோடு பொதுத்துறையில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அமைந்தது. அடுத்த ஆண்டே உற்பத்தி தொடங்கியது. மருந்தும் ஒன்றுதான், ரசாயனமும் ஒன்றுதான். உறவு வேறு.

பவாய் தந்த பாடம்

1958 ஜூலை 25-ந் தேதி, பம்பாய் வொர்லியில் ஒரு தற்காலிகக் கட்டிடத்தில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் வகுப்புகள் தொடங்கின. மனுச் செய்த 3,400-க்கும் மேற்பட்டவர்களில் 100 மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். 1959 மார்ச் 10-ந் தேதி பவாயில் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். கட்டிடச் செலவும் நடத்தும் செலவும் இந்திய சர்க்காருடையது. உபகரணங்களும் நிபுணர்களும் யுனெஸ்கோ மூலமாக, பெரும்பாலும் சோவியத் யூனியனிலிருந்து வந்தன. 1956 முதல் 1973 வரை 59 நிபுணர்களும் 14 தொழில் வல்லுநர்களும் வந்து உழைத்தார்கள். நம் ஆசிரியர்கள் சோவியத் நாட்டில் பயிற்சி பெற 27 உதவித்தொகைகள் தரப்பட்டன.

இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். வந்தவர் நிரந்தரமாக உட்கார வரவில்லை. தம் இடத்தில் உட்கார நம்மவரைத் தயார் செய்ய வந்தார். சாவியைக் கைமாற்றிக் கொடுப்பதென்றால் இதுதான். அந்த நாட்களில் சோவியத் விஞ்ஞான நூல்கள் ஏழை மாணவன் வாங்கக்கூடிய விலையில் நம் ஊர்களுக்கு வந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாவ்லோவ், ரொமான்கோவ், நோஸ்கோவ் எழுதிய ரசாயன எஞ்சினீயரிங் கணக்குப் புத்தகத்தை மாஸ்கோ மிர் பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதற்கு யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை.

கல்லூரியில் நடந்ததே ஆலையிலும் நடந்தது. 1960-ல், மலிவு விலைக்கு வந்த சோவியத் கச்சா எண்ணெயைத் தங்கள் ஆலைகளில் சுத்திகரிக்க முடியாது என்று பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் கம்பெனிகள் மறுத்தன. நம் மண்ணில் நிற்கும் ஆலை. அதில் எந்த எண்ணெய் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவன் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தான்! ருமேனிய ஒத்துழைப்போடு கட்டிய குவாஹாத்தி ஆலை 1962-ல் திறக்கப்பட்டது. சோவியத் ஒத்துழைப்போடு 1964-ல் பரோனி, 1965-ல் கோயலி என்று பொதுத்துறை ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தபோதுதான் அந்தத் திமிர் அடங்கியது.

கொடியின் நிறம் மட்டும் போதாது

சோஷலிஸ்ட் நாடு தந்ததெல்லாம் பொன், மற்றவர் தந்ததெல்லாம் பித்தளை என்று நாம் சாதிக்கவில்லை. சென்னைக் கழகம் 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது. கான்பூரில் 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்க சர்வகலாசாலைகள் ஒத்துழைத்தன. அங்கெல்லாம் நல்ல ஆசிரியர்கள் வந்தார்கள்; நன்றாகவே கற்பித்தார்கள். அவர்களுக்கு நாம் நன்றிக் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பவாயில் படித்தவர்களும் கான்பூரில் படித்தவர்களும் ஒன்றுபோலவே வெளிநாட்டுக்கு விமானம் ஏறினார்கள். பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியரும் கருவியும் கிடைத்தால் மட்டும் போதாது. படித்தவனின் மூளைக்கு வேலை தரும் ஆராய்ச்சிசாலையும் வடிவமைப்பு ஸ்தாபனமும் நாட்டில் இருக்க வேண்டும்.

அவை இருந்த இடத்தில் பலன் கிடைத்தது. அமெரிக்க பெக்டெல் கம்பெனியின் கூட்டோடு 1965-ல் தொடங்கிய எஞ்சினீயர்ஸ் இந்தியா, 1967-ல் முழுக்க அரசுடைமையானது. ஆலைகளை வடிவமைக்கும் திறன் நம்மவர் கைக்கு வந்தது. இந்தியப் பெட்ரோலியக் கழகம் 1960-ல் பிரெஞ்சுப் பெட்ரோலியக் கழகத்தின் ஒத்துழைப்போடு தொடங்கியது. அங்கே தாவர எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளைக் கலந்து, 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டில்லிக்கு ஒரு விமானம் பறந்தது. உதவி செய்தவை முதலாளித்துவ நாடுகள்தான். ஆனால் அறிவு தங்கிய இடம் பொதுத்துறை. அதுதான் வித்தியாசம்.

போபால்: பூட்டிய அறிவின் விலை

சாவி அன்னியன் கையிலேயே இருந்தால் என்ன நடக்கும்? போபாலைக் கேளுங்கள்.

யூனியன் கார்பைடு இந்தியாவின் 50.9 சதவீதப் பங்குகள் அமெரிக்கத் தாய்க் கம்பெனியிடம் இருந்தன. இதையும் “தொழில்நுட்ப ஒத்துழைப்பு” என்றுதான் அழைத்தார்கள். 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் விஷவாயுவுக்கு ஒரு தொழிலாளி பலியானார். தொழிற்சங்கம் கூக்குரலிட்டது. 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த நிபுணர்களே ஆலையைச் சோதித்துக் குறைகளைப் பட்டியலிட்டார்கள். ஆனால் செலவு மிச்சம்தான் பெரிதாயிற்று. 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு, மீதைல் ஐசோசயனேட் நிறைந்த 610-ம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து சூடு பெருகியபோது, குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. சுமார் 40 டன் விஷம் உறங்கும் மக்கள் மீது பாய்ந்தது.

விடிந்தபோது ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? வந்தது எந்த விஷம், எதை மருந்தாகக் கொடுப்பது என்று தெரியாமல் டாக்டர்கள் திணறினார்கள். பக்கத்திலேயே ஆலை, அதில் என்ன இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியாது! ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 1989-ல் 47 கோடி டாலரோடு கம்பெனி கணக்கை முடித்துக்கொண்டது. ஆலையில் கிடந்த 337 டன் விஷக் கழிவை அகற்றுவதற்கு 2025 ஜனவரி வரை, 40 ஆண்டுகள் ஆயின.

இந்தக் கொடுமைக்குப் பின் 1985-ல் அமெரிக்க ரசாயன எஞ்சினீயர்கள் சங்கம் ஆலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு மையம் அமைத்தது. இன்று உலகெங்கும் மாணவர்கள் போபாலைப் பாடமாகப் படிக்கிறார்கள். படிக்கட்டும். ஆனால் 2020 மே 7-ந் தேதி விசாகப்பட்டினத்தில், கொரியக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமான ஆலையிலிருந்து ஸ்டைரீன் கசிந்து 12 பேர் செத்தார்களே! அங்கும் தொட்டிக்குள் சூடு கட்டுமீறியதுதான் காரணம். பாடம் வகுப்பறையில் இருக்கிறது, ஆலைவாசலைத் தாண்டவில்லை.

சந்தேகத்தின் சிறை

ஒருபுறம் கம்பெனியின் பூட்டு. மறுபுறம் ஏகாதிபத்தியத்தின் சந்தேகம். “சுதந்திர உலகம்” என்று மார்தட்டும் அமெரிக்கா 2018-ல் “சீன நடவடிக்கை” என்ற பெயரில் விஞ்ஞானிகளை வேட்டையாடத் தொடங்கியது. கன்சாஸ் சர்வகலாசாலையின் ரசாயன எஞ்சினீயரிங் பேராசிரியர் ஃபெங் டாவ் 2019 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். அவர் உளவு பார்த்தார் என்று குற்றச்சாட்டா? இல்லை. சீன சர்வகலாசாலை ஒன்றோடு தமக்கிருந்த தொடர்பைப் படிவத்தில் எழுதவில்லை என்பதுதான் வழக்கின் சாரம்! 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பின்னர் ஒவ்வொரு குற்றச்சாட்டாக உதிர்ந்தது. 2024 ஜூலையில் மேல் நீதிமன்றம் கடைசிக் குற்றச்சாட்டையும் ரத்து செய்தது. ஐந்தாண்டுகளை அவருக்கு யார் திருப்பித் தருவது? வாஷிங்டனின் நட்பை நம்பிக் கூட்டு ஆராய்ச்சிக்குத் திட்டமிடுவோர் இதை மனதில் கொள்ள வேண்டும்.

நாம் என்ன கோருகிறோம்?

சோவியத் யூனியன் இன்று இல்லை. ரூபிளில் உபகரணங்கள் வந்திறங்கும் காலம் திரும்பும் என்று காத்திருக்க முடியாது. பொறுப்பு நம்முடையது. மத்திய சர்க்காரோ 2023-ல் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைத்து, ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று முழங்கியது. அதில் சுமார் 36,000 கோடி தனியாரிடமிருந்து வரும் என்பது அதன் கணக்கு. பணம் போடுகிறவன் கேள்வியையும் தானே போடுவான். மலிவு உரமும் காசநோய் மருந்தும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அவன் கேள்வித்தாளில் இருக்குமா?

ஆகவே நாம் கோருகிறோம்:

முதலாவது, பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தத்தையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அதன் முடிவுகள் நம் ஆராய்ச்சிசாலைகளுக்கும் பொதுத்துறை ஆலைகளுக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, விஷப் பொருள்களின் தன்மை, விபத்து, சிகிச்சை பற்றிய எந்தத் தகவலும் வியாபார ரகசியம் ஆகக்கூடாது. அது ஆலைத் தொழிலாளிக்கும், அருகில் வாழும் மக்களுக்கும், ஊர் டாக்டருக்கும் அவரவர் தாய்மொழியில் தெரிய வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் தொழிற்சங்கத்துக்கு இடம் வேண்டும்.

மூன்றாவது, ஒரே திசையைப் பார்த்து நின்றது போதும். சீனா, வியட்நாம், கியூபா, ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றோடும் சமத்துவ அடிப்படையில் மாணவர் பரிமாற்றமும் கூட்டு ஆராய்ச்சியும் வளர வேண்டும்.

நான்காவது, ஆராய்ச்சிக்கான செலவின் பெரும்பகுதியை சர்க்காரே ஏற்க வேண்டும். பயிற்சி பெற்றுத் திரும்பும் இளைஞனுக்கு நிரந்தர வேலை தர வேண்டும்.

இவை எட்டாத கனவுகள் அல்ல. பவாயிலும் பிம்ப்ரியிலும் பரோனியிலும் நம் கண் முன்னால் நடந்தவைதான். உலகின் எந்த மூலையிலிருந்தும் அறிவு வரட்டும், கைகூப்பி வரவேற்போம். ஆனால் வருகிற அறிவு இங்கே வேர்விட வேண்டும். ஆலையின் வரைபடத்தைப் படிக்கும் உரிமை, அந்த ஆலையின் புகையைச் சுவாசிக்கும் மக்களுக்கு வேண்டும். மாணவர்களும் ஆசிரியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஒன்றுபட்டு இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம்.